இருபத்தொன்பது பேர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மொனராகலை பஸ் நிலையத்துக்குப் பலகைக்காரர்கள் வந்துவிடுவார்கள். எல்லவிலிருந்து வெல்லவாய வழியாக இறங்கி, பொத்துவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வெள்ளைக்கார இளசுகள். ஆளை விட உயரமான பலகை ஒன்று உறைக்குள் போட்டுத் தோளில் தொங்கும். காசுள்ளவர்கள் ஓட்டோ பிடித்து, கூரையில் பலகையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு சியம்பலாண்டுவ பாதையில் பறப்பார்கள். எல்லாரும் அறுகம் குடாவின் அலைக்குப் போகிறவர்கள். சின்ன வயதில் அந்தப் பலகை எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. உடுப்பு அயன் பண்ணுகிற பலகை என்று தம்பி சாதிப்பான். வெள்ளைக்காரன் எங்கே போனாலும் உடுப்பைத் தேய்த்துத்தான் போடுவான் என்பது அவன் கட்சி.

எங்கள் இறப்பர் தோட்டத்து லயத்திலிருந்து அந்தக் கடலுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனாலும் லயத்தில் கடலில் கால் நனைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கதிர்காமம் போக ஒரு காரணம் உண்டு. நேர்த்திக்கடன் இருக்கும், ஆடித் திருவிழா இருக்கும், லொறி பேசிப் பத்துக் குடும்பம் சேர்ந்து போகும். கடலுக்குப் போக என்ன காரணம் சொல்வது? ஒருமுறை கதிர்காமம் போன லொறி கிரிந்தை வரைக்கும் போயிற்று. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். மடியில் கைக்குழந்தை தூங்கியதால் அம்மா மட்டும் லொறியிலேயே இருந்துவிட்டார். லொறியின் பலகை இடுக்கில் நீலமாக ஒரு கோடு தெரிந்ததாம். அதன் பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அதற்குப் பிறகு கடல் என்ற சொல்லையே அம்மா நல்ல வார்த்தையாக எடுக்கவில்லை.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து கடற்கரை ஹோட்டலில் ரூம் போய் ஆனான். முதலில் நான்கு வருஷம் மாலைதீவு. 1972இல் குரும்பா என்ற முதல் ஹோட்டல் திறந்த நாடு அது. இப்போது தீவுக்கு ஒரு ஹோட்டல் என்பதுதான் அங்கே முறை. தீவின் முகம் விருந்தாளிக்கு, முதுகு வேலையாட்களுக்கு என்று தம்பி சொல்வான். நடுவில் மர வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஜெனரேட்டர், சலவை, குப்பை எரிக்கும் இடம், அறைக்கு ஆறு கட்டில். நான்கு வருஷமும் தீவில் இருந்தவன், விருந்தாளிகளின் பக்கத்துக் கடலில் ஒருநாளும் இறங்கியதில்லை. அங்கே படகைத் 'தோணி' என்றே சொல்கிறார்கள் என்பது அவன் கொண்டுவந்த செய்திகளில் எனக்குப் பிடித்த ஒன்று. பிறகு நாட்டுக்குத் திரும்பிப் பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சேர்ந்தான்.

2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள், கொச்சிக்கடை, நீர்கொழும்பு தேவாலயங்கள், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். செத்தவர்கள் இருநூற்றைம்பதுக்கு மேல். முந்தின வருஷம் மே மாதத்தில் 1,29,000 உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு அந்த மே மாதம் 38,000 பேர்கூட வரவில்லை. ஹோட்டல்காரர்களுக்கு அப்போதுதான் எங்கள் ஞாபகம் வந்தது. உள்நாட்டவருக்குப் பாதி விலை, அதற்கும் கீழே என்று பத்திரிகைகளில் அரைப் பக்க விளம்பரம். தம்பி ஒரு இரவு போன் எடுத்தான்.

"அண்ணே, அறுபது ரூம்ல ஒம்பது ரூம்லதான் ஆள் இருக்கு. ஸ்டாஃப் குடும்பத்துக்கு ரெண்டு நாள் தாறாங்க, சும்மா மாதிரி ஒரு விலைக்கு. அம்மாவக் கூட்டிட்டு வாங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். நான் யூனிஃபோர்ம்ல இருப்பேன். கட்டிப் புடிக்கிறது, பக்கத்துல உக்காரச் சொல்றது, அதெல்லாம் வேணாம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் போனோம். நான், மனைவி, மகள், அம்மா. பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கும் நண்பரின் வேன். மெதகம, பிபிலை, மகா ஓயா என்று ஏறி இறங்கி, புல்லுமலை, கரடியனாறு தாண்டிச் செங்கலடியில் தார் ரோட்டின் வெயில் முகத்தில் அடித்தது. அங்கிருந்து வடக்கே கிரான், வாழைச்சேனை. வழியில் இரண்டு இடத்தில் இறக்கிப் பையெல்லாம் பார்த்தார்கள். அம்மாவின் பையில் ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு போத்தல் தண்ணீர், மாற்றுச் சேலை இரண்டு, சித்தாலேப டப்பா. சோதித்த சிப்பாய்ப் பையன் ரொட்டிப் பொதியை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். அம்மா சிங்களத்தில், "பசிக்குதா புத்தே?" என்று கேட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவன் வாங்கவில்லை, வெட்கப்பட்டான்.

வாழைச்சேனை என்றதும் எனக்குக் காகித ஆலைதான் நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் கட்டியது. அதைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அதைத் தாண்டிக் கல்குடாப் பக்கம் திரும்பினால் உலகம் மாறிவிடுகிறது. பெரிய கேட்டுகள், வெட்டிவிட்ட புல், காவல்காரர்கள், வரிசையாக ஹோட்டல்கள். எழுபதுகளிலேயே இங்கே ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் சூறாவளி, சண்டை, சுனாமி எல்லாம் கடந்து, 2009க்குப் பிறகு புதிதாக எழுந்தவை இவை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: உள்நாட்டவர் விலை என்பதால் பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையும் வேண்டும். அம்மா சுருக்குப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்தார். பொலித்தீன் உறை, அதற்கு மேல் ஒரு கைக்குட்டை, அதற்கு மேல் இறப்பர் வளையம். இவ்வளவு பத்திரம் தேவைப்பட்ட அட்டை அது. அம்மா பிறந்தது 1957இல், நாங்கள் இருக்கும் அதே லயத்தில். ஆனால் 1948ஆம் வருஷச் சட்டம் தாத்தாவை நாடில்லாதவர் ஆக்கியிருந்தது, அதனால் பிறந்தபோதே அம்மாவும் நாடில்லாதவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தாவின் தம்பி குடும்பம் கப்பலேறிப் போயிற்று. தாத்தா இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. 1988ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகுதான் அம்மாவுக்குப் பிரஜாவுரிமை. அட்டை கைக்கு வரும்போது வயது முப்பத்து மூன்று. ஓட்டுப் போடவும், ஆஸ்பத்திரிக்கும், சேமலாப நிதி எடுக்கவும் அதைக் காட்டியிருக்கிறார். அதைக் காட்டி விலைக்கழிவு கிடைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பெண் போட்டோ கொப்பி எடுத்துத் திருப்பிக் கொடுக்கும்வரை அம்மாவின் கண் அந்த மெஷினை விட்டு நகரவில்லை.

அப்போது தட்டோடு தம்பி வந்தான்.

வெள்ளைச் சேர்ட், பழுப்புச் சாரம், நெஞ்சில் பெயர்ப்பட்டை. தட்டில் நாலு கிளாஸ் தோடம்பழச் சாறு, சுருட்டி வைத்த நாலு ஈரத் துவாய். நேரே அம்மா முன்னால் வந்து குனிந்து, "வெல்கம் மேடம்" என்றான்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். நாற்பத்திரண்டு வருஷம் துரைமார் வந்தால் எழுந்து நின்ற கால்கள், தட்டைப் பிடித்து நின்ற சொந்த மகனுக்காக எழுந்தன. அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, பழக்கம். காது மட்டும் சிவந்துவிட்டது. "உக்காருங்க மேடம்" என்றான். அம்மா கிளாஸை எடுத்து அவன் பக்கம் நீட்டினார். "நீ குடிடா, வேர்த்திருக்கு." மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டாள். நல்ல பிள்ளை.

அறைக்குப் போனதும் அம்மா முதலில் கேட்டது விலை. நாங்கள் கொடுத்த விலை இல்லை, மெய்யான விலை. போனில் பார்த்துச் சொன்னேன்: வழக்கமான நாளில் ஓரிரவுக்கு இருபதாயிரம் ரூபா.

அம்மாவுக்கு ரூபாக் கணக்கு வராது என்றில்லை. ஆனால் எந்தக் கணக்கையும் அவர் 'பேர்' கணக்காக்கித்தான் பிடிப்பார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொடுத்த வேலையை முடித்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். பால் குறைந்தாலோ, மரத்தைக் காயப்படுத்தினாலோ அரைப் பேர். மழை பெய்தால் பேரே இல்லை. என் முதல் சப்பாத்து மூன்று பேர். மனைவிக்குப் போட்ட தாலிக்கொடி எத்தனை பேர் என்று இன்றைக்கும் சொல்லுவார். அந்த வருஷம் ஜனவரியில்தான் நாட்சம்பளம் 700 ரூபா ஆகியிருந்தது. ஆயிரம் கேட்டு ரோட்டுக்கு இறங்கி வாங்கிய எழுநூறு. அம்மா விரலை மடக்கினார், உதடு அசைந்தது.

"இருபத்தொம்பது பேரு," என்றார். "மாசத்துக்கு இருபத்தஞ்சு நாளுக்கு மேல வேல குடுக்க மாட்டானே. அப்ப ஒரு மாசம் வெட்டினாலும் ஒரு ராத்திரிக்குக் காணாது." குறையாகச் சொல்லவில்லை. சந்தையில் மீன் விலை கேட்டு நகர்கிறவர் மாதிரிச் சொல்லிவிட்டுக் குளியலறையைப் பார்க்கப் போனார். கூரையிலிருந்து மழை மாதிரிக் கொட்டும் குழாயை மகள் திறந்து காட்டினாள். "அட, பீலிய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டான்." எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு பீலி. அங்கே வாளி வரிசையில் நடக்காத சண்டை இல்லை.

சாயந்தரம் கடலுக்கு இறங்கினோம். பாசிக்குடா கடல் வேறு மாதிரி. பாறைத்திட்டு அலையைத் தூரத்திலேயே தடுத்துவிடுவதால் குடாவுக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. நெடுந்தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டுவதில்லை. அம்மா சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். நடந்தார், நடந்தார், போய்க்கொண்டே இருந்தார். சுனாமியைச் சொல்லிப் பயமுறுத்தியவர் அவர். பயந்து பின்னால் ஓடியவன் நான். பக்கத்தில் போனபோது குனிந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"எரியுதுடா," என்றார்.

கையைப் பார்த்தேன். வேலையை விட்டு நான்கு வருஷமாகியும் விரல் இடுக்குகளின் கறுப்பு போகவில்லை. இறப்பர் பால் காய்ந்தால் கறுக்கும், சோப்புக்கு அசையாது. பால் கட்டிப்போகாமல் இருக்க ஊற்றும் அமோனியா விரலை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்புகளுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தது. எடுங்கம்மா என்றேன். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. எழுபது வகை வைத்திருந்தார்கள், நாங்கள் சோறும் பருப்பும் மீனும் சாப்பிட்டோம். 'உள்ளூர் உணவு' என்று வாழையிலை விரித்த ஒரு மூலையில் மூன்று விரல் அகலத்தில் தேங்காய் ரொட்டி அடுக்கியிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "மாவுக்குத் தட்டுப்பாடு போல" என்றார் அம்மா. பிறகு யாருக்கும் தெரியாமல் அறையில் போய் எங்கள் ரொட்டியைத் தின்றோம்.

இரவு அம்மாவுக்கு மெத்தை ஒத்துவரவில்லை. குழிக்குள் விழுகிற மாதிரி இருக்கிறதாம். பாயில்லாததால் பெரிய துவாயை விரித்துக் கீழே படுத்துவிட்டார்.

விடிகாலை நாலரைக்கு விழித்தேன். துவாய் மடித்து வைத்திருந்தது, அம்மாவைக் காணவில்லை. கதவு சாத்தியிருந்தது. நீச்சல் குளம் வரைக்கும் ஓடினேன். அங்கிருந்து பார்த்தால், கரையில் நாலைந்து டோர்ச் வெளிச்சம். ஒரு கணம் எங்கள் மலைதான் ஞாபகம் வந்தது. இருட்டில் மரத்துக்கு மரம் நகரும் நெற்றி விளக்குகள் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும், அதனால் வெட்டு எப்போதும் விடிகாலையில்தான்.

கரையில் நின்றவர்கள் பாசி அள்ளிக்கொண்டிருந்தார்கள். இரவில் கடல் ஒதுக்கும் பாசியை, விருந்தாளி எழும்புமுன் வாரி, வண்டியில் ஏற்றி, மணலுக்குக் கோடு இழுத்துவிட வேண்டும். பாசியால் பெயர் வந்த குடாவில் பாசி கண்ணில் படக்கூடாது. நான்கு பெண்கள், ஒரு பெரியவர், கல்குடாப் பக்கத்து ஆட்கள். ஆறாவதாக அம்மா, கையில் ஒரு வாரியோடு.

"முதுகு வளைக்காம இழுக்கணும் தங்கச்சி, இல்லாட்டி பத்து மணிக்கு நிமிர ஏலாது," என்று சின்னவயதுப் பெண் ஒருத்திக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அம்மா யாரென்று தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்து வாரியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் போய் "அம்மா, ரூமுக்கு வாங்க" என்றதும் எல்லாரும் வாரியைக் கீழே போட்டார்கள். கங்காணி வேலை பார்க்கிற பையன் எங்கிருந்தோ ஓடிவந்து சொறி மேடம், சொறி சேர் என்று மூச்சு வாங்கினான். அந்தப் பெண்கள் முகத்தில் பயம். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரமாகச் சிநேகிதமாகப் பேசியவர்கள் ஏன் தள்ளி நிற்கிறார்கள்?

பிறகு அந்தப் பெரியவர்தான் கொஞ்சம் பேசினார். அவர் முன்பு மீன்பிடி. தோணியை இழுத்து வைத்த இடத்துக்கு நேரே இப்போது எங்கள் அறை. தோணிகள் எல்லாம் குடாவின் ஓரத்துக்குப் போய்விட்டன. "நல்ல வியூ," என்றார் எங்கள் அறையைப் பார்த்து. கிண்டலா, மெய்யா என்று எனக்குப் பிடிபடவில்லை.

காலை பத்துக்குத் தம்பி அறை சுத்தம் பண்ண வந்தான். கதவைச் சாத்தியதும் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் கொட்டிற்று. பேசிக்கொண்டே கை வேலை செய்தது. அம்மா அழகாக மடித்து வைத்த விரிப்பை உதறிப் பிரித்தான். "நல்லாத்தானேடா மடிச்சிருக்கேன்?" "நல்லாத்தான் இருக்கு. சுப்பவைசர் மூலைய பாப்பான்." மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி, விரிப்பைச் சாய்வாக மடித்து அடியில் செருகினான். அந்த நேரத்தில் அம்மா மூக்கைச் சுருக்கினார். குனிந்து மெத்தையின் ஓரத்தை முகர்ந்தார். உறையின் சிப்பை விரலளவு இழுத்துத் திறந்து, மஞ்சளாக, துளை துளையாக இருந்த உள்பகுதியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது மெல்லத் திரும்பி எழும்பியது.

"இது நம்ம பால்டா."

"ஆமாம்மா, லேடெக்ஸ். பால அப்புடியே நுரை வர அடிச்சு, அச்சுல ஊத்தி, ஆவில வேக வைக்கிறது. நம்ம நாட்டுலதான் செய்றாங்க."

அம்மா கட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தார், சாணால் அளந்தார். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடவுக்கு வந்த கன்றுகளைப் பற்றியும், 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தம் பற்றியும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். வெட்டிய பால் கடைசியில் எங்கே போகிறது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மூன்று மணிக்கு எழும்பி, முந்நூறு மரத்துக்கு மலையில் ஏறி இறங்கி, பட்டையில் தாள் கனத்துக்குச் சீவி, சிரட்டையில் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரம். பத்து மணிக்கு வாளியோடு ஸ்டோருக்கு. அங்கே பாலுக்குள் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை வாசிப்பார். அதோடு பால் அம்மாவின் கையை விட்டுப் போய்விடும்.

"எவ்வளவு கிலோ இருக்கும்?"

"மெத்தையா? நாப்பதுக்குக் கிட்ட. ரெண்டு பேரு தூக்கணும்."

நல்ல நாளில் ஏழெட்டுக் கிலோ காய்ந்த கணக்கு வரும் என்பது அம்மாவின் அளவு. மறுபடியும் விரலை மடக்கினார்.

"அஞ்சு பேரு படுத்திருக்கு இதுக்குள்ள," என்றார்.

மகள் திடுக்கிட்டு மெத்தையைப் பார்த்தாள். அவளுக்குத் தோட்டத்துக் கணக்கு தெரியாது.

அன்று இரவு அம்மா கட்டிலில்தான் படுத்தார். குழி விழுகிறது என்ற பேச்சு வரவில்லை. மூன்றரைக்கு விழித்தது எனக்குத் தெரியும். மூச்சு மாறியது. ஆனால் எழும்பவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, உள்ளங்கையால் மெத்தையைத் தடவியபடியே விடியும்வரை படுத்திருந்தார்.

திரும்பும்போது வேனில் அம்மா பையைத் திறந்து காட்டினார். சின்ன சோப்பு ஆறு, ஷாம்பூ போத்தல் நாலு, தையல் ஊசி டப்பா ஒன்று. "களவு இல்ல, தம்பிதான் எடுத்துக்கச் சொன்னான்." பீலிக்கரையில் ஒரு மாதம் அந்த சோப்பு மணம் பேசப்பட்டது.

ஏழு மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு, விமான நிலையம் மூடியாயிற்று, ஹோட்டலும் மூடியாயிற்று. தம்பி ஒரு பையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தான். முதலில் இரண்டு வாரம் தூங்கினான். பிறகு தோட்டத்தில் கைக்காசுக்கு ஆள் எடுத்தார்கள். அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து தன் வெட்டுக் கத்தியை எடுத்து, எண்ணெய் பூசி, சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் நின்ற கிழட்டு மரத்தில் மூன்று நாள் பயிற்சி. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும், கத்தி எலும்பில் படக்கூடாது. மூலை மடிக்கிற கை என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். முதல் வாரம் இரண்டு அரைப் பேர், பிறகு முழுப் பேர்தான்.

அந்த மாதங்களில் வீட்டில் முதலில் எழும்பியவன் அவன். மூன்றரைக்கு அடுப்பை மூட்டிப் பிளேன்டீ ஊற்றுவான். ஒருநாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி, இடக்கையில் மடித்த துவாய். வலக்கையில் தட்டு, தட்டில் ஒரு கோப்பை. பாயில் இருந்த அம்மாவுக்கு முன்னால் குனிந்து, "குட் மோர்னிங் மேடம்" என்றான்.

அம்மா எழும்பவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கையை நீட்டிக் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"சீனி காணாதுடா."